படைக்காத வாழைப்பழச் சீப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். சாமி காரியத்தில் மாத்திரைக் கதை எதற்கு என்று யாராவது முகம் சுளிப்பார்களோ என்ற பயம். முருகன் சுளிக்கமாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்பா மலேசியாவில் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். நேரத்துக்குச் சாப்பிடாமல் வயிற்றில் புண். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த கேப்சூலைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கி வந்ததில் வலி அடங்கியிருந்தது. எனக்குக் கடும் காய்ச்சல் வந்து தெளிந்ததற்காக, அந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டார். விரதம் தொடங்கிய அன்றே பெரியப்பா வந்து குண்டைப் போட்டார்.

"டேய் தம்பி, அந்தக் கேப்சூல் கூடு மாட்டு எலும்புல செய்யறதாம்டா. கறிய விட்டுட்டு அத முழுங்குறியா?"

அப்பா ஆடிப்போனார். மருந்தை நிறுத்தவும் பயம், விழுங்கவும் பயம். கடைசியில் கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருந்த குட்டிக் குட்டி மணிகளை அம்மா கரண்டியால் நசுக்கிப் பாலில் கலக்கிக் கொடுத்தார். எல்லாருக்கும் திருப்தி, அப்பாவின் வயிற்றைத் தவிர. எரிச்சல் திரும்பி வந்து நாளுக்கு நாள் கூடியது. அப்பா அதை முருகனின் சோதனை என்றார். குடத்தோடு படியேற முடியாமல் போய்விடுமோ என்று அம்மாதான் தவித்தார்.

என்னையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். மருந்து கொடுக்கும் மலாய்க்கார அக்கா விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"அய்யோ ஆன்டி, அத நசுக்கக்கூடாது லா! வயித்து அமிலம் மருந்தக் கெடுக்காம இருக்கத்தான் மேல பூச்சு இருக்கு" என்றார் மலாயில்.

அம்மா தயங்கித் தயங்கிக் கூடு விஷயத்தைச் சொன்னார். அந்த அக்கா சிரிக்கவில்லை. "நாங்களும் ஹலாலா, எதுல செஞ்சதுன்னு கேக்குறவங்கதானே ஆன்டி" என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் பேசிக் கூடில்லாத மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். "முழுசா விழுங்கணும். விரதம்னு வயித்தக் காயப் போடாதீங்க."

எரிச்சல் தணிந்தது. தைப்பூசத்தன்று மாத்திரை போட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கஞ்சியும் குடித்துவிட்டு, அப்பா குடத்தோடு பத்துமலைப் படியேறினார். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

மறு வாரம் அம்மா வாழைப்பழம் வாங்கி வந்தார். ஒரு சீப்பை மட்டும் சாமி மேடைக்குக் கொண்டுபோகாமல் அடுப்படியிலேயே வைத்தார். சாமிக்குக் காட்டாமல் எங்களுக்கு ஒரு திராட்சைகூடத் தராதவர் அவர். மருந்து வாங்கும் நாளாக இல்லாவிட்டாலும் கிளினிக் வரிசையில் நின்று, அந்தச் சீப்பை அந்த அக்காவிடம் நீட்டினார்.

"சாமிக்குப் படைக்காதது மிஸ். நீங்க சாப்பிடலாம்."

அந்த அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியது. சாமிக்கே வைக்காத பழத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் வீடு வரைக்கும் முனகிக்கொண்டே வந்தேன்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் இப்படியே சொல்லுங்கள். முருகன் கனவில் வந்தான் என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். அந்தச் சீப்பை விட்டுவிடவும் வேண்டாம்.