சுவரை விடக் குறைவாக வாங்கியவன்

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் கருங்கல் சார். எக்ஸ்ரே பக்கம் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கருங்கல் துண்டை மேஜையில் வைத்து, கதிர்வீச்சு அளக்கும் கருவியை அதன் பக்கத்தில் கொண்டுபோவார். டிக், டிக்.

"கேட்டுச்சா? மண்ணு, சுவரு, மூச்சுக்காத்து, எல்லாத்துலயும் வருது. பொறந்ததுலேர்ந்து வாங்கிட்டுத்தான் இருக்கோம். இதுக்குப் பயந்தா சமைக்கவே முடியாது."

"நல்ல சாக்கு சார், இன்னிக்கே வீட்ல சொல்லிடறேன்" என்பார் ஒரு நர்ஸ். வகுப்பே சிரிக்கும்.

கடைசியில் இன்னொரு பாடமும் உண்டு. இயற்கை தருவதைத் தடுக்க முடியாது. வேலையில் வருவதைக் குறைக்க முடியும், முடிந்தவரை குறைத்தே ஆகவேண்டும். அதைத் தொடங்கும்போது சொல்லிவைத்தாற்போல் டீ வந்துவிடும். "மீதி உங்களுக்கே தெரியும்" என்று திரையை அணைப்பார். சிரிப்போடு முடிகிற வகுப்பை யார்தான் கெடுத்துக்கொள்வார்கள்? அவரும் ஒன்பது வருடம் கெடுத்துக்கொள்ளவில்லை.

ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ்கள் மூன்று மாதத்துக்கொருமுறை லேபுக்குப் போகும். யார் எவ்வளவு கதிர் வாங்கினார்கள் என்று தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, சார் அறைச் சுவரில் ஒரு பேட்ஜ் சும்மா தொங்கும். இந்த முறை ஒரு பேட்ஜில் சுவரை விடக் குறைவாக இருந்தது. அந்த பேட்ஜ் சாரின் மச்சினனுடையது. இதய அடைப்பு பார்க்கும் அறையில், எக்ஸ்ரே ஓடும்போது நோயாளியின் பக்கத்திலேயே நிற்கும் டெக்னீஷியன்.

"பேட்ஜ எங்கடா வச்சிருந்த?"

"பழைய ஃபிலிம் வைக்கிற ஈயப்பெட்டியில, மாமா. ரெண்டு தடவ தொலைச்சேன், ரெண்டு தடவயும் விளக்கக் கடிதம் கேட்டீங்க. அதான் பத்திரமா..."

"கதிரே நுழையாத ஈயத்துக்குள்ள அது எதைடா அளக்கும்?"

"சுவத்துல வர்றதே எவ்ளோவோன்னு நீங்கதானே சொன்னீங்க? கழுத்துக் கவசத்தக் கூட விட்டுட்டேன். அதப் போட்டா ஒரே வலி."

முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதிகம் சிரித்தவன் அவன்தான்.

இதை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை மச்சினனை அந்த அறையில் விடமாட்டார்கள். எழுதாவிட்டால் நாளைக்கும் போய் நிற்பான். வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்க, என் தம்பிய மட்டும் மாட்டி விடுவீங்களா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று கத்தப்போனார். ஒன்பது வருடமாக அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று போட்டார், அடித்தார். 'என் வகுப்பு' என்று போட்டார். அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை என்று நிர்வாகம் திருப்பி அனுப்பியது. அதையே மறுபடி எழுதி அனுப்பினார்.

அடுத்த வகுப்பில் கருங்கல் பையை விட்டு வெளியே வரவில்லை. கடைசிப் பாடம் முதலில் வந்தது. டீ வந்தபோது, "வெளிய வைங்க" என்றார்.

முதல் பெஞ்சிலிருந்து மச்சினன் கேட்டான். "நெஜமா நான் எவ்ளோ வாங்கியிருப்பேன், மாமா?"

"பக்கத்துல நின்னவங்க பேட்ஜ வச்சு ஏறக்குறைய சொல்லலாம்."

"ஏறக்குறையன்னா?"

கல்லுக்கும் காற்றுக்கும் தசமம் வரை எண் சொல்லக்கூடியவர், கருவியை எடுத்தார், வைத்தார்.

"தெரியாதுடா" என்றார்.