போன் வராத தெரு

அலுவலகத்தில் அவளைப் புள்ளியம்மா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்து அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையை யாரும் படிப்பதில்லை.

நகராட்சியின் புகார்ப் பிரிவுக்குத் தலை நரைக்கும் முன்பே வந்து உட்கார்ந்தவள். தெருவில் தண்ணீர் நிற்கிறது, குப்பை அள்ளவில்லை என்று வரும் ஒவ்வொரு போனுக்கும், கணினியில் இருக்கும் ஊர்ப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். முன்பெல்லாம் அந்தப் படம் அறையைத் தாண்டிப் போனதில்லை. இப்போது தினமும் மாலையில் அதை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு எதையும் செய்யலாம். ஒளிவுமறைவில்லாத நிர்வாகம் என்று மேலதிகாரி கூட்டம் போட்டுப் பேசினார். அவர் பேசிவிட்டுப் போய்விட்டார். மணிக்கட்டு வலித்தது இவளுக்குத்தான்.

எடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மழை நாளில் எந்தச் சாலையைத் தவிர்க்கலாம் என்று சொல்ல ஒருவன் ஆப் செய்தான். வீடு வாங்குகிறவர்களுக்காக இன்னொருவன் ஒன்று செய்தான். அந்த இரண்டாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியின் உருவத்தில் அவள் வீட்டுக்கே வந்தது.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் மனைவி தரையில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். புள்ளியம்மா பிறந்த வீட்டில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். தரைத்தளம். பெரிய மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடம்வரை வந்துவிடும். அதை விற்றுவிட்டு எங்காவது மூன்றாம் மாடிக்குப் போய்விடலாம் என்று வெகுநாளாக அலைகிறார்கள்.

"வந்தவன் வாசப்படியைக்கூட மிதிக்கலக்கா," என்றான் தம்பி. "தெருமுனையில நின்னு போனைப் பார்த்தான். உங்க தெருவுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கே சார்னு வண்டியைத் திருப்பிட்டான். அந்தப் புள்ளியெல்லாம் நீ வைக்கிறதுதானே? எடுத்துடு."

"ஏத்தினது ஏத்தினதுதான்டா. ஆளாளுக்கு எடுத்து வச்சிருக்காங்க. கொட்டின வார்த்தை மாதிரி, அள்ள முடியாது."

"தெருவுல இருக்கிறதே கொஞ்சம் வீடு. இத்தனை போன் யாரு பண்றது?"

புள்ளியம்மா ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்.

"பாதி நான் பண்ணதுதான்," என்றாள் தம்பி மனைவி, போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தபடி.

"உன்னை யாரு பண்ணச் சொன்னது?"

"உங்க அக்காதான். பதிவு பண்ணாத தண்ணி நகராட்சிக்குத் தண்ணியே இல்லன்னு இவங்க சொல்லலையா? ஒவ்வொரு மழைக்கும் கட்டில்மேல ஏறி உக்காந்து அதைத்தானே செஞ்சேன்."

"நல்லாருக்கு. சொந்தக் காசுல சூனியம்."

புள்ளியம்மா ஒரு துண்டை உதறினாள். "அந்தப் புள்ளிகளாலதான் உங்க தெரு வடிகால் லிஸ்ட்டுல மேல வந்திருக்கு. எங்க அதிகமோ அங்கதான் புது வடிகால் போடுவாங்க. மழைக்காலம் முடியறப்போ தெருக்களை முடிவு பண்ணுவாங்க. இந்த ஒரு தடவை பொறுத்துக்கோயேன்."

"வடிகால் வந்து, அதுல தண்ணி ஓடி, ஓடுதுன்னு அந்த ஆப்காரன் நம்புறதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும். இனிமேலாவது வைக்காம இரு."

"போன் வந்தா வைப்பேன். வரலைன்னா வைக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?"

களைப்பில் வந்த வார்த்தை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அடுத்த துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தத் தெருவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். இனி வரும் போன்களை அடுத்த தெருவில் போட்டுவிட்டால்கூட யாருக்கும் தெரியாது. மேலதிகாரிக்குப் படத்தைத் திறக்கவே தெரியாது. ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருக்கிறது. ஒரு பொய்யை வைத்தால் அதை ஒவ்வொரு மழைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியே விட்டுவிட்டாள்.

மழைக்காலம் வந்தது. முதல் பெரிய மழையில் போன்கள் ஓயவில்லை. தம்பி தெருவுக்கு இடப்பக்கத் தெரு சிவந்தது, வலப்பக்கத் தெரு சிவந்தது. நடுவில் தம்பி தெரு மட்டும் சலவைத்துணி போலக் கிடந்தது. தம்பி வீடு மட்டுமில்லை, ஒரு வீட்டிலிருந்தும் போன் இல்லை. அடுத்த மழைக்கும் அப்படியே. அவளே ஒருமுறை போன் செய்து தண்ணீர் வந்ததா என்று கேட்டதற்கு, "இல்லையேக்கா" என்று தம்பி சுருக்கமாக முடித்துவிட்டான்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், மூன்றாவது பெரிய மழையன்று வடிகால் பிரிவு இன்ஜினியர் தேநீர்க் குவளையோடு அவள் மேஜைக்கு வந்தார்.

"உங்க தம்பி தெருவுக்கு என்னம்மா ஆச்சு? லிஸ்ட்டுல மூணாவதா இருந்துச்சு, கீழ போயிடுச்சே. தண்ணி தானா வடியக் கத்துக்கிச்சா?"

"லிஸ்ட்டை எப்ப முடிக்கிறீங்க சார்?"

"நாளைக்கு."

அவள் படிக்கட்டுக்குப் போய் நின்று போன் செய்தாள். தம்பி மனைவி எடுத்தாள்.

"தண்ணி வந்துச்சா?"

"சொட்டு இல்ல அண்ணி."

குரலுக்குப் பின்னால் எதையோ மொள்ளும் சத்தம், பிறகு ஊற்றும் சத்தம். மறுபடி மொள்ளும் சத்தம்.

"தெருவுல ஒருத்தர்கூட போன் பண்ணலையே."

"எல்லாருக்கும் இருக்கிறது ஆளுக்கு ஒரு வீடுதானே. என்னைக்காவது விக்கத்தானே போறாங்க. உங்க தம்பி வீடு வீடாப் போய்ச் சொன்னார். போன் வந்தாத்தான் புள்ளின்னு நீங்க சொன்னதைத்தான் சொன்னார்."

மேலே அவள் மேஜையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. வேறு யாருடைய தெருவோ. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நாளைக்கு வடிகால் லிஸ்ட்டை முடிக்கிறாங்க. இப்ப எல்லாருமா பண்ணாக்கூட மேல வந்துடும்."

"நாளைக்கு ஒருத்தர் வீடு பாக்க வர்றார் அண்ணி."

மொள்ளும் சத்தம். ஊற்றும் சத்தம்.

"வாளியக் கீழ வச்சுட்டாவது பேசு," என்றாள் புள்ளியம்மா.

"வச்சா மிதக்குது அண்ணி."