வெடி வழிபாடும் டெசிபல் மீட்டரும்

கல்ஃபிலிருந்து வருகிறவன் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவான், அத்தர் கொண்டுவருவான், டார்ச் லைட் கொண்டுவருவான். நான் இவற்றோடு ஒரு டெசிபல் மீட்டரும் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டு வருமா மக்கா?" என்று கேட்டாள். வராது, பாட்டு எவ்வளவு சத்தமாக வருகிறது என்று மட்டும் சொல்லும் என்றேன். அம்மா அத்தர் குப்பிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

அங்கே எனக்கு அதுதான் வேலை. ஜெனரேட்டர் ஓடும் கூடங்களில் இந்தக் கருவியோடு நடந்து, எந்த இடத்திலிருந்து காதுமூடி கட்டாயம் என்று தரையில் கோடு போட வேண்டும். புது மீட்டர்கள் வந்தபோது, முள் காட்டும் இந்தப் பழைய மீட்டரை எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்கள். ஊரில் இது எதற்கும் பயன்படும் என்று நான் நினைக்கவில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். கல்ஃப் பணத்தில் டாக்ஸிகளும் ஜீப்புகளும் பெருகியிருந்த காலம். ஒவ்வொரு வண்டியிலும் கார் ஸ்டீரியோ, பின்சீட்டுக்குப் பின்னால் பெட்டி ஸ்பீக்கர். யார் வண்டியில் சத்தம் கூடுதல் என்று சாயாக்கடையில் தினமும் வழக்கு. எங்கள் ஆர்ட்ஸ் கிளப் ஒரு ஓணத்துக்கு அதையே போட்டியாக வைத்தது. நடுவர்களாக மூன்று பெரிய மனிதர்களை உட்கார்த்தினார்கள். மூன்று பேருக்கும் அவரவர் வீட்டுப் பக்கத்து ஜங்ஷனில் நிற்கும் வண்டிதான் உரக்கக் கேட்டது. கடைசியில் நாற்காலிகள் பறந்தன. அடுத்த ஓணத்துக்கு நான் ஊரில் இருந்தேன். கிளப் செக்ரட்டரி வீடு தேடி வந்தார்.

"உனக்க கையில ஒரு மெஷின் உண்டுன்னு கேட்டேன். அதுக்கு ஜங்ஷன் கிடையாதுல்லியா?"

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை மறைக்கவில்லை. சட்டங்கள் எழுதிக் கொடுத்தேன். எல்லா வண்டிக்கும் ஒரே கேஸட், ஒரே பாட்டு. முன்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டில் நிற்க வேண்டும், கதவுகள் திறந்திருக்க வேண்டும். மீட்டரைக் கையில் பிடித்தால் நம் உடம்பில் பட்டுத் திரும்பும் சத்தமும் அதில் சேரும், ஆகவே ஸ்டுடியோக்காரரின் கேமரா ஸ்டாண்டில் பூட்டி, எல்லா வண்டிக்கும் ஒரே தூரத்தில் நிறுத்துவேன். கயிற்றுக்கு உள்ளே ஒருவரும் வரக்கூடாது. கை தட்டினாலும் முள் ஏறும், ஆகவே பாட்டு நிற்கும்வரை மூச்சு விடக்கூடாது. ஒரு வண்டிக்கு ஒரு தடவைதான். கடைசி வரியின் கீழே நானே கோடு போட்டேன்.

அக்காவின் கணவர் டாக்ஸி ஓட்டினார். பழைய அம்பாசடர். நான் அனுப்பிய ஆம்ப்ளிஃபயர்தான் அதில் இருந்தது. போட்டிக்கு முந்தின வாரம் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கள்ளத்தனம் ஒண்ணும் வேண்டாம் மக்கா. ஆனா அந்த ஸ்டாண்டு எனக்க வண்டிக்கு இம்பிடு பக்கத்துல நின்னா என்ன கெட்டுப்போவும்?"

"தூரம் பாதியானா முள்ளு சாடி ஏறும் அத்தான். அது கள்ளத்தனமாக்கும்."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். "மேலவீட்டு ஜீப்பும் வருது. அதுக்கு மேல எனக்க வண்டி கேக்கணும். அதை அப்பன் கேக்கணும். அம்பிடுதான்."

அத்தானின் அப்பா, எனக்கு மாமா, ஊரின் பெரிய நிலக்காரர்களான மேலவீட்டாரின் தோட்டப் புரையிடத்தில், அவர்கள் தயவில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர். நிலச் சட்டம் வந்தபிறகு குடியிருந்த பத்து சென்ட் அவர் பேருக்கே ஆனது. பட்டயம் வந்தது, ஓடு வந்தது, கிணறு வந்தது. குரல் மட்டும் வரவில்லை. மேலவீட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் உரக்கப் பேசக்கூடாது என்று சின்ன வயதில் பழகியது அப்படியே நின்றுவிட்டது. சொந்தக் கிணற்றடியில் நின்றுகூட மனைவியைக் கையைக் காட்டித்தான் கூப்பிடுவார். அந்த வீட்டில் பிள்ளைகள் அழுததுகூட வால்யூமைக் குறைத்துத்தான் என்பார் அத்தான். மேலவீட்டுக்காரர்கள் இப்போது யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. ஜீப் வைத்திருந்த இளையவர் தங்கமான மனிதர், என்னோடு படித்தவர். அதனாலெல்லாம் மாமாவின் தொண்டை திறக்கவில்லை. எனக்கு மாமாவை மிகவும் பிடிக்கும். அவர் பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும், அதனாலேயே அவரோடு எப்போதும் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஓணத்துக்கு மறுநாள் மதியம், கோயிலுக்கு எதிரே இருந்த பள்ளி மைதானத்தில் ஊரே திரண்டது. கருவி மூக்கில் காற்று அடிக்காமல் இருக்க மாட்டியிருந்த கறுப்பு ஸ்பஞ்சுப் பந்தைப் பார்க்கவே ஒரு கூட்டம். ஒவ்வொரு வண்டியாக வந்தது. மேலவீட்டு ஜீப் பாடியபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முள் நூற்றுப் பதினாறில் போய் நின்றது. அதுவரை வந்த எதுவும் பக்கத்தில்கூட இல்லை.

கடைசியாக மைக்கில் அத்தானின் டாக்ஸியைக் கூப்பிட்டார்கள். அம்பாசடர் கோட்டில் வந்து நின்றது. பாட்டு தொடங்கியது. முள் நூற்றுப் பத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது கோயிலில் வெடி வெடித்தது.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் வெடி ஒரு வழிபாடு. சீட்டு எடுத்துப் பேரும் நட்சத்திரமும் சொன்னால், குற்றி என்கிற இரும்புக் குழலில் மருந்து இடித்து நம் பேரில் வெடிப்பார்கள். முள் சாடிப் போய்க் கடைசிக் கோட்டில் இடித்துத் திரும்பியது. முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. அத்தானைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் அக்கா கோயிலைப் பார்த்துக் கும்பிட்டபடி அழுதுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"நீயா அக்கா?"

"ஆமா. மைக்குல அவருக்க பேரு கேட்டதும் வெடிக்கணும்னு சொல்லி வெச்சிருந்தேன். அவருக்கு நல்லது வரட்டேன்னு செய்தது. ஏன்லே?"

அவளைத் திட்ட மனம் வரவில்லை. சாமியிடம் வேண்டியது மீட்டரில் ஏறும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? மைக்கை வாங்கி, முள் காட்டியது வெடியின் சத்தம், இந்த அளவு செல்லாது, டாக்ஸியை மறுபடி அளக்க வேண்டும் என்று அறிவித்தேன். அத்தான் தோளிலிருந்து இறங்கினார்.

"லேய், நீ எனக்க மச்சினனா, இல்ல அவிய ஆளா?"

மேலவீட்டு இளையவர் என் சட்டத் தாளோடு வந்தார். கோபமே இல்லாமல், நியாயமாகத்தான் பேசினார். "ஒரு வண்டிக்கு ஒரு தடவைன்னு எழுதினது நீயல்லே? அடியில வரையும் போட்டிருக்கே. வெடி வெச்சது அவங்க ஆளு. பின்ன எதுக்கு ரெண்டாமது சான்ஸ்?"

என் சட்டமே என் கழுத்தைப் பிடித்தது. செக்ரட்டரி என்னைப் பார்த்தார், நான் தாளைப் பார்த்தேன். அத்தான் கதவைச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பப் போனார்.

"அளக்கணும்!"

மைக்கில் யாரோ கத்தியதாகத்தான் நினைத்தேன். ஆனால் மைக் என் கையில் இருந்தது. கூட்டம் விலகியது. மாமா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார். மேலவீட்டு இளையவரின் முகத்துக்கு நேராக நின்றார்.

"வெடிச்சது கோயில்ல! எனக்க பிள்ளைக்க வண்டியை இன்னும் அளக்கல்ல! அளந்து தோத்தா தோத்துட்டுப் போறோம். அளக்காம ஒருத்தனும் இங்கேருந்து போவப்பிடாது!"

அந்தக் குரலை ஊரில் யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டிருக்க மாட்டார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. இளையவர் ஒரு அடி பின்னால் வைத்து, "அளக்கட்டே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கோயிலுக்கு ஆளனுப்பி வெடியை நிறுத்திவைத்து, மறுபடி அளந்தேன். கூட்டம் மூச்சு விடவில்லை. முள் ஏறியது, நடுங்கியது, நூற்றுப் பதினாறுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றுவிட்டது. வேண்டுமென்றே குனிந்து இன்னொரு முறை பார்த்தேன். எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் கீழேதான். ஜீப்புக்குத்தான் கப் என்று மைக்கில் சொன்னேன்.

மீட்டரைக் கழற்றிக்கொண்டு அத்தானிடம் போனேன். வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். மாமா இன்னும் ஓயவில்லை. இத்தனை வருஷம் பாக்கி வைத்ததையெல்லாம் ஒரே மதியத்தில் பேசித் தீர்ப்பதுபோல, செக்ரட்டரியை நிறுத்திவைத்து உரக்கத் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"தோத்தாச்சு அத்தான்."

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "அப்பன் கத்தினப்போ முள்ளு எத்தனை காட்டிச்சு?"

"பாக்கல்ல அத்தான்."

"அது போவட்டும்," என்றார். "நான் எனக்க காதால கேட்டேன்."