ஈரக் கை

குருநகர்க் கடையொன்றில் பிலோமினா மடக்குப் போன் கேட்டாள். கடைக்காரி ஜெயனி சிரித்தாள்.

"மகள் அனுப்பின டச் போன் கிடக்க, உந்தப் பழசு என்னத்துக்கு அக்கா?"

"என்ரை சிம்மை இதுக்குள்ளை போடு. அவருக்கு அந்த நம்பர்தான் பாடம். கொஞ்சம் தண்ணியும் தா, பிள்ளை."

போன மார்கழியில் கணவன் சூசைதாசன் கடலிலிருந்து அழைத்தபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை. மணி ஓய்ந்தது. பிறகு அழைப்பும் இல்லை, படகும் இல்லை.

பிலோமினா கையை நனைத்தாள். "இப்ப அடி."

ஜெயனி தன் போனிலிருந்து அழைத்தாள். முதல் மணியிலேயே பிலோமினா மூடியைத் திறந்து காதில் வைத்தாள்.

"சொல்லுங்கோ, கேக்குது."

ஒரு முழத் தூரத்தில் நின்ற ஜெயனி, அழைப்பைத் துண்டிக்காமல் தன் போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கோவன்," என்றாள் பிலோமினா, கடற்பக்கம் திரும்பி.