ஆறாவது குரல்

இதைக் கேட்டுட்டுச் சிரிக்கிற ஆளுங்க இப்பவே எழுந்து போயிடுங்க. பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லை. இது என் வீட்டுக்காரருக்கு நடந்தது. பட்டப்பகல்ல நடந்தது. அவர் இருபத்திரண்டு வருஷமா தீயணைப்பு நிலையத்துல வேலை பார்க்குறவர். யாராவது பேய்னு வாயெடுத்தா, "ஆமா, அதுக்கும் நாங்கதான் ஏணி போடணும்"னு நக்கல் அடிப்பார். அப்படிப்பட்ட மனுஷன் இப்போ பின்னால காலடிச் சத்தம் கேட்டா நின்னுடுறார். வர்றவங்களை முன்னால போகவிட்டுட்டு, அப்புறம்தான் நடக்குறார்.

மூணு நாள் விடாம புயல் மழை. நாலாம் நாள் விடியக்காலை நாலேகால் மணிக்கு ஏரிக்கரை உடைஞ்சு, ஊரோட பள்ளமான பக்கம் மொத்தமும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஜனங்களைப் படகுல ஏத்தி, மேட்டுல இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரணும். மத்தியானம் இன்னொரு இடி விழுந்துச்சு. மேல இருக்கிற அணை நிரம்பிடுச்சாம், சரியா நாலு மணிக்கு ஷட்டரைத் திறக்கப்போறாங்களாம். அதுக்கு மேல அந்தத் தெருக்கள்ல யார் மாட்டினாலும் போன உயிர்தான்.

படகுன்னா மோட்டார் படகுன்னு நினைச்சுக்காதீங்க. தண்ணிக்கடியில பூரா வயரும் துணியுமா கிடந்ததால மோட்டாரே போட முடியலை. ரப்பர் படகுல கயிறு கட்டி, தோள்ல போட்டு, நெஞ்சளவு தண்ணியில முன்னால ஒரு ஆள் இழுப்பார், பின்னால ஒரு ஆள் தள்ளுவார். பின்னால தள்ளிட்டிருந்த கொக்குக்கு (ஆள் ஆறடிக்கு மேல, அதான் அந்தப் பேரு) கண்ணாடி குத்திக் கால் கிழிஞ்சு போச்சு. கடைசி நடைக்கு இவர் தனியாத்தான் போனார்.

அவங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. இழுக்குறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தா கால் வழுக்கிடும். மழை சாட்டையால அடிக்கிற மாதிரி அடிச்சதால படகுல இருக்கிறவங்களை ஒரே தார்ப்பாயால மூடியிருப்பாங்க. அதனால படகு எங்க நின்னு கிளம்பினாலும் இவர் "எண்ணு!"னு குரல் கொடுப்பார். உள்ளேர்ந்து முன்வரிசை தொடங்கி ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லணும். கடைசி எண் காதுல விழுந்தாத்தான் அடுத்த அடி வைப்பார். அன்னைக்குப் பதினொரு நடை அப்படித்தான் போயிட்டு வந்தார். ஒரு உயிர் தவறலை.

படகு தாங்குறது ஆறு பேரை. ஏழாவது ஆள் ஏறினா கவிழ்ந்துடும்.

மூணு பன்னிரண்டுக்குத் தெருக்கோடி வீட்டுல தையல்காரரையும் அவர் சம்சாரத்தையும் ஏத்தினார். தையல்காரர் மெஷினையும் ஏத்தணும்னு ஒரே அடம்.

"உயிரை ஏத்தவே இடமில்லை. இதுல மெஷின் வேறயா? உட்காருங்கய்யா!"

மூணு இருபதுக்குக் கணக்கு டீச்சர் வீடு. அவங்க மாடிப்படியிலேர்ந்து ஏறும்போது இவர் தண்ணி இழுப்புக்கு எதிரா கயித்தை முறுக்கிப் பிடிச்சுட்டு, முதுகைக் காட்டிட்டு நின்னார்.

"எத்தனை பேரும்மா?"

"நான், அம்மா, அப்பா. மூணு பேர்."

"எண்ணு!"

ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு.

சரியா இருந்துச்சு. இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குன்னு மனசுல குறிச்சுக்கிட்டு இழுத்தார்.

மூணு இருபத்தாறு. ஒரு வீட்டு இரும்புக் கேட்டுல படகு மாட்டி நின்னுச்சு. ஏதோ கம்பி. திரும்பாமலேயே காலால துழாவி விலக்கினார். அப்போ கயிறு லேசா கீழே இழுத்துச்சு... யாராவது படகுல ஏறினா இழுக்குமே, அப்படி.

"எண்ணு!"

ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு...

ஒரு நொடி மழைச் சத்தம் மட்டும்.

"ஆறு."

சின்னக் குழந்தைக் குரல். இவருக்கு அப்போ பயமெல்லாம் வரலை. எரிச்சல்தான் வந்துச்சு. டியூஷனுக்கு வந்த பிள்ளை ஏதோ டீச்சர் வீட்டுல மாட்டியிருக்கு, பதட்டத்துல சொல்லாம விட்டுட்டாங்கன்னு நினைச்சார். கணக்கு டீச்சருக்கே கணக்கு தப்பிப்போச்சேன்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டாராம். காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படாத மனுஷன், யோசிக்கிற நிலைமையிலயும் இல்லை.

அப்போதான் மேலேர்ந்து ஒரு குரல்.

"அண்ணே..."

அதே வீட்டு மாடி ஜன்னல். ஒரு பொண்ணு நின்னா. முப்பது வயசு இருக்கும். தலைமுடியிலேர்ந்து தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு.

படகுல ஆறு பேர். மணி மூணு இருபத்தெட்டு.

"படகு நிறைஞ்சிடுச்சும்மா. இடமில்லை. இவங்களை விட்டுட்டு ஓடி வந்துடறேன். அங்கேயே இரு!"

"சரிண்ணே. அவ ஏறிட்டாள்ல?"

"யாரும்மா?"

"போங்க. நேரமாச்சு."

அவ கத்தலை. பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி பேசினா. அந்தப் பேய் மழையில அது எப்படிக் கேட்டுச்சுன்னு இவருக்கு அப்போ தோணலை. ஒரு உயிரை விட்டுட்டுப் போறோமேங்கிறதுதான் மனசுல ஓடுச்சு. பல்லைக் கடிச்சுட்டு மேட்டைப் பார்த்து இழுத்தார். வழியில ரெண்டு தடவை எண்ணச் சொன்னார். ரெண்டு தடவையும் ஆறு வந்துச்சு.

மூணு நாற்பது. பள்ளிக்கூட வாசல் படியில படகை ஏத்திட்டு, தார்ப்பாயை விலக்கினார்.

அஞ்சு பேர்.

"ஆறாவது யாரு? குழந்தை எங்கே?"

"எங்ககூடக் குழந்தை இல்லையே"ன்னாங்க டீச்சர். "தையல்காரர் வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சேன்."

"நாங்க உங்க வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சோம்"னார் தையல்காரர்.

டீச்சரோட அப்பா மட்டும் எழுந்திருக்கலை.

"என் பின்னாலதானே இருந்துச்சு... என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு... கை ஜில்லுன்னு..."

இவர் அதுக்கு மேல கேட்கலை. இல்லாத ஒரு ஆளை நம்பி, இருந்த ஒரு ஆளை விட்டுட்டு வந்திருக்கார். அது மட்டும்தான் மண்டையில ஓடுச்சு.

"போகாதே, செத்துடுவே!"னு அதிகாரி கத்தினார். கொக்கு நொண்டிக்கிட்டே வந்து கையைப் பிடிச்சான். உதறிட்டுக் காலிப் படகோட இறங்கிட்டார். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, ஒரு நிமிஷம் எங்களை நினைச்சாரா?

மூணு நாற்பத்தெட்டு. அதே கேட். அதே ஜன்னல்.

சாத்தியிருந்துச்சு.

"அம்மா! வந்துட்டேன்!"

சன்ஷேடைப் பிடிச்சு ஏறி, ஜன்னலை உடைச்சு உள்ளே குதிச்சார்.

சிமெண்ட் மூட்டைங்க. காலி பெயிண்ட் டப்பாங்க. தரை பூரா புழுதி.

காய்ஞ்ச புழுதி.

தலை சொட்டச் சொட்ட நின்னாளே... ஜன்னலடியில ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு காலடித் தடம் இல்லை.

படிக்கட்டுக் கதவைத் தள்ளினார். அந்தப் பக்கம் பூட்டு.

கீழே, கதவுக்கு அடியில... தண்ணி தளும்புற சத்தம்.

தளக்... தளக்...

மூணு ஐம்பத்து மூணு. எப்படி இறங்கினார்னு அவருக்கே தெரியாது. நாலு மணிக்கு அணைச் சங்கு ஊதினப்போ பாதி வழியில இருந்தார். நாலு நாலுக்குக் கொக்கு வீசின கயித்தைப் பிடிச்சார். படகு அடிச்சுட்டுப் போயிடுச்சு.

ராத்திரிதான் வீட்டுக்கு வந்தார். நான் தலையைத் துவட்டிவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில தண்ணி வடிஞ்சுது. அந்த வீட்டுக் கீழ்த்தளக் கதவை உடைச்சாங்க. மாடியை வீட்டுச் சொந்தக்காரன் பூட்டிட்டு ஊருக்குப் போயிருக்கான். கீழே குடியிருந்த பொண்ணு மாடிக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு, முதல் வேகத்துல ஏறின தண்ணியில மூழ்கிப் படியிலேயே கிடந்தா. கரை உடைஞ்ச அந்த விடியக்காலையே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதாவது, இவர்கிட்டப் பேசுறதுக்குப் பதினோரு மணி நேரம் முன்னாடி.

நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சாம். அந்த வீட்டுல இல்லை. தெருவுல இல்லை. பள்ளத்துல வடிகால் வரைக்கும் தேடினாங்க, கிடைக்கலை.

கிடைச்சது மேட்டுல. பள்ளிக்கூட வாசல் படியில. இவர் படகை ஏத்தின அதே இடத்துல.

அந்தப் பிள்ளையும் அம்மா போன அதே விடியல்ல போனதுதானாம். வெள்ளம் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்துதான் தெருவுக்கு ஓடிச்சு. அரை கிலோமீட்டர் எதிர்த் தண்ணியில ஒரு உடல் எப்படி ஏறி வரும்? அதிகாரி கேட்டார், டாக்டர் கேட்டார்.

அந்தப் பிள்ளையோட அப்பா லாரி டிரைவர். புயல் அன்னைக்கு வெளியூர்ல இருந்திருக்கார். ஒரு மாசம் கழிச்சு எங்க வீட்டுக்கு வந்தார். தையல்காரர் எல்லாத்தையும் சொல்லியிருக்கார் போல. நான் கொடுத்த தண்ணியைக் குடிக்கவே இல்லை, கையிலேயே வச்சிருந்தார்.

"என் பொண்ணைக் கரை சேர்த்துட்டீங்க. அதுக்குக் கோடி கும்பிடு. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. அவ அம்மாவை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருந்திருப்பாங்க... அப்புறம் ஏன் அவ மட்டும் வந்தா? அவ அம்மா ஏன் வரலை?"

என் வீட்டுக்காரர் அவர் கையிலேர்ந்து டம்ளரை வாங்கிக் கீழே வச்சார். அப்புறம் சொன்னார்.

"கூப்பிட்டாங்க தம்பி. படகுல இடமில்லைன்னு நான்தான் சொல்லிட்டேன்."