ஜெபசிங் கால்வாயில் ஊற்றிய எண்ணெய்

"இன்னா வூடு இது, கொஞ்சங்கூட ஆட மாட்டேங்குது. எப்பிடித்தான் தூங்குறீங்களோ."

பல் தேய்க்கும்போது ஜெபசிங் தினமும் சொல்வது இது. கேட்டுக் கேட்டு மனைவி மேரிக்குக் காது புளித்துவிட்டது. ஆடுற வூடு வேணும்னா தூளி கட்டிப் படு என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை, தூளிக்குக் கயிறு எவ்வளவு பிடிக்கும் என்று யோசித்தான்.

சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் ஆயிலர் வேலை அவனுக்கு. மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும், சூடு பார்க்க வேண்டும், ஒழுகுவதைத் துடைக்க வேண்டும். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இந்த முறை அந்த மூன்று மாதம் எப்போதோ தாண்டிவிட்டது, கப்பலுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்டிடமிருந்து போன் வரவில்லை. வீட்டில் இருக்கிறவன் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. கப்பலில் ரவுண்டு போன பழக்கத்தில் ஃபிரிட்ஜின் முதுகைத் தொட்டுப் பார்ப்பான், தண்ணீர் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவான், மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் வந்து நின்று காது கொடுப்பான். சட்னி அரைக்கிறவளுக்கு எரிச்சல் வருமா வராதா?

அதனால்தான் பால் பூத்தில் வசுமதி டீச்சர் கேட்டதும் மேரி உடனே தலையாட்டினாள். மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் வசுமதி. கடலில் தூரத்தில் தெரிகிற விளக்குதான் கப்பல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது என்ன கொண்டுவருகிறது, கடலுக்கும் காற்றுக்கும் என்ன செய்கிறது என்று ஒருநாள் வந்து சொல்லட்டுமே என்றார். ஜெபசிங் ஏஜெண்டிடம் இதைச் சொன்னபோது அவனும் பிடித்துக்கொண்டான். இப்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் சுற்றுச்சூழல் என்றால் உருகுகிறார்கள், வீடியோ எடுத்து அனுப்பு, அடுத்த கப்பலுக்கு உன் பெயரைத்தான் முதலில் சொல்வேன் என்றான். அப்புறம் கேட்பானேன்? ஜெபசிங் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டான்.

வகுப்பில் நன்றாகத்தான் பேசினான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, சாம்பாரில் போட்ட பருப்பு, தாளித்த பாமாயில் என்று ஒவ்வொன்றும் கப்பலில் வந்த கதையைச் சொன்னான். கச்சா எண்ணெயில் பெட்ரோலும் டீசலும் எடுத்தபின் மிஞ்சுகிற கருங்குழம்பைத்தான் பல பெரிய கப்பல்கள் எரிக்கின்றன, சூடாக்கினால்தான் அது ஓடும், புகை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள் என்றான். சரக்கில்லாத கப்பல் தள்ளாடாமல் இருக்க ஒரு ஊர்க் கடல்நீரை வயிற்றில் நிரப்பிப் போய் இன்னொரு ஊரில் கொட்டும், அந்த ஊர் உயிர்களும் கூடவே வந்து இறங்கும், எண்ணூர்ப் பக்கம் இறாலை விரட்டுகிற காக்கா ஆழி என்கிற சிப்பி அப்படி வந்ததுதான் என்கிறார்கள் என்றான்.

பிறகு குழாய் வைத்த ஒரு தண்ணீர் கேன். அதில் தண்ணீரும், மெக்கானிக் கடையில் வாங்கிய கழிவு ஆயிலும். குலுக்கி வைத்தான். எண்ணெய் மேலே ஏறியது. அடியில் இருந்த குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. கப்பலில் இதை ஒரு மெஷின் செய்யும், எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மீட்டர் சரி என்றால்தான் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகும், எண்ணெயைச் சேர்த்து வைத்துத் துறைமுகத்தில் ஒப்படைப்போம் என்றான். பிள்ளைகள் கை தட்டினார்கள். வசுமதி எல்லாவற்றையும் மொபைலில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். மிச்ச எண்ணெயை வாளியில் கவிழ்த்துப் பின்பக்கம் எடுத்துப் போனான். பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். தென்னை ஓலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அண்ணாந்து பார்த்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரே வீச்சில் வாளியை மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டினான். மேலே தெறிக்காமல் அப்படிக் கொட்டத்தான் கப்பலில் பழகியிருந்தான். எத்தனை வருஷக் கை அது, யோசிக்கவே இல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கிங்காம் கால்வாய். எண்ணெய் பளபளவென்று நிறம் காட்டிப் பரவியது. வசுமதியின் மொபைல் அதையும் பிடித்துக்கொண்டிருந்தது.

ஸ்ரீதேவி என்கிற பெண் மெதுவாகச் சொன்னாள்: "சார், எங்க நைனா அங்கதான் எறா புடிக்குது."

ஜெபசிங் போட்ட பேண்ட்டோடு கால்வாயில் இறங்கினான். சாக்கு, தேங்காய் நார், மரத்தூள் என்று கிடைத்ததையெல்லாம் போட்டு இருட்டும்வரை ஒற்றி எடுத்தான். பாதி அதற்குள் தண்ணீரோடு போய்விட்டது.

மறுநாள் காலையில் ஏஜெண்டின் போன் வந்தது. கப்பல் தயார், வீடியோவை இன்றைக்கே அனுப்பு. எண்ணெய் கொட்டிய கடைசித் துண்டை வெட்டிவிட்டுத் தருகிறேன் என்று வசுமதி இரவே சொல்லியிருந்தார். மேரிக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

"கையி தவறி ஊத்திட்ட, தொடச்சும் வுட்டுட்ட. அந்த பிட்டு இல்லன்னா யாருக்கு இன்னா நஷ்டம்? வெட்டிக் குடுக்கச் சொல்லு, பொட்டி கட்டு."

சரி என்றுதான் கிளம்பினான். பள்ளிக்கூட வாசலில் ஸ்ரீதேவியின் அப்பா எல்லப்பன் இறால் கூடையோடு நின்றார். சண்டைக்கு வந்தவர் மாதிரி தெரியவில்லை. கூடையை நீட்டினார்.

"மோந்து பாரு அண்ணாத்த. யாவாரி கூடைய தள்ளி வுட்டுட்டான்."

ஜெபசிங் மோந்து பார்த்தான். கழிவு ஆயில் நாற்றத்தை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே போய் வசுமதியிடம் எதையும் வெட்டாதீங்க டீச்சர் என்றான். முழு வீடியோவைத் தன் போனுக்கு வாங்கி, வகுப்பு வாசலில் நின்றே ஏஜெண்டுக்குத் தட்டிவிட்டான்.

ஸ்ரீதேவி விடவில்லை. "கப்பல்லயும் இப்பிடித்தான் ஊத்துவாங்களா சார்?"

"எல்லாக் கப்பல்லயும் இல்ல. சிலதுல, பைப்ப மாத்தி வுட்டு, மீட்டருக்குத் தெரியாம ஊத்துவாங்க. நேத்து நான் அத சொல்லல."

ஏஜெண்ட் அன்று சாயங்காலமே போன் செய்தான். எண்ணெயைக் கொட்டுகிறவன் என்று வீடியோவோடு தெரிந்த ஆளை எந்தக் கம்பெனி எடுக்கும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். மேரி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை, சமையல் கேஸ் தீர்ந்த அன்றைக்கு மட்டும் பேசினாள்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் வசுமதியும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அவனோடு கடற்கரைக்குப் போகிறார்கள். கடலில் கொட்டிய எண்ணெய் இறுகிக் கரை ஒதுங்குகிற, காலில் ஒட்டுகிற தார் உருண்டைகளைப் பொறுக்குகிறார்கள். இது எந்தக் கப்பலில் இருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், கப்பலா படகா என்றே தெரியாது என்கிறான். ஒரு இடத்தில் நிற்பதில்லை. பேசிக்கொண்டே நடக்கிறான், போன் அடித்தால் பாதிப் பேச்சில் ஓடுகிறான்.

கல்பாக்கம் பஸ்ஸில் போனால் வழியில்தான் அந்தப் பள்ளிக்கூடம், ஆயிலர் ஜெபசிங் என்றால் யாரும் காட்டுவார்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தார் போகாது. இன்னும் இரண்டு ஏஜெண்டுகளிடம் சொல்லி வைத்திருக்கிறான், எவனாவது கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவான். தள்ளிப்போடாமல் போய்விட்டு வாருங்கள்.