தலையங்கம் போன இடம்

பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கும் அம்மாவுக்கு ஆசிரியர் மேல் தீராத வன்மம். தன் தலையங்கம் இரண்டு வரி நீண்டு இடம் போதவில்லை என்பதற்காக, இதழிலிருந்து இந்த அம்மாவின் பெயரையே தூக்கிய மகானுபாவர் அவர்.

இணையப் பதிப்பை வடிவமைக்கும் வேலையும் இவர் தலையில்தான் விழுந்தது.

"ஜனங்க அதிகமா படிக்கிறது தானா மேல வரட்டும்மா," என்றார் ஆசிரியர். மேலே நிற்கப்போவது தன் தலையங்கம்தான் என்பதில் மனிதருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

"பிரமாதம் சார்!" சொன்னதை ஒரு பிசகில்லாமல் செய்து கொடுத்தார் அம்மா.

வெளியான அன்று ஆசிரியர் கைபேசியும் கையுமாக ஓடிவந்தார்.

"என் தலையங்கம் எங்கம்மா?"

"கீழ தள்ளிப் பாருங்க சார்."

"ராசிபலன், பல்வலி வைத்தியம், வீடு வாடகைக்கு... தள்ளிக்கிட்டேதானே இருக்கேன்!"

"இன்னும் கொஞ்சம் சார். விரல் வலிச்சா குடுங்க, நான் தள்ளுறேன்."